எனக்கு அனுமதித்த கார்

மூன்று மணியாகட்டும் என்று சொன்னது நான்தான். கார் என்னுடையதாகிவிட்டது, கார்த் திறப்பு கையில், கையெழுத்தெல்லாம் போட்டாயிற்று, கார் விற்கிற டோனி கை குலுக்கிவிட்டுத் தன் கண்ணாடி அறைக்குள் போய்விட்டான். இனி ஸ்டார்ட் பண்ணிக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். ஆனால் இன்றைக்கு வியாழக்கிழமை, ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகு காலம், அந்த நேரத்தில் புதுக் காரின் சில்லை உருட்ட எனக்கு இந்த ஐம்பத்தெட்டு வயதிலும் துணிவு வரவில்லை. "மெல்பேர்ன் ராகு எந்த ஊர் ரைம் பாக்கிறவர்?" என்று இவர் சிரித்தார். கோடையில் மணிக்கூட்டை மாற்றி வைக்கும்போது ராகுவும் மாற்றி வைப்பாரா என்று கோயில் ஐயரிடமே கேட்டு அந்த மனிதரைத் திக்குமுக்காட வைத்தவர் என் கணவர் குகதாசன். சிரித்துவிட்டு, "சரி, இருப்பம்" என்று தன் கறுப்புக் காருக்குள் போய் ஏறிக்கொண்டார். குளிர். ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டிருக்கிறார், பின்னால் புகை வெள்ளையாக வந்துகொண்டிருக்கிறது. நான் அடுத்த வரிசையில் என் வெள்ளைக் காருக்குள் இருக்கிறேன். என் கார். சொல்லிப் பார்க்க வாய் கூசுகிறது. உள்ளே டோனி அடித்துவிட்ட வாசனை, அதற்குக் கீழே முந்தி ஏதோ ஒரு பிள்ளை கொட்டின பாலின் புளிப்பு. முன்னால் அவருடைய காரின் பின் கண்ணாடிக்குள் அவருடைய பிடரி தெரிகிறது. அந்தப் பிடரி ஆடவில்லை. நித்திரையோ. எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நித்திரையோ. இல்லை, கை எழும்பிக் காதைச் சொறிகிறது. நான் மூச்சு விடுகிறேன். மூன்று மணிக்குள் அவரிடம் ஒரு வசனம் சொல்லவேண்டும். உங்கட கார் இங்கயே நிக்கட்டும், என்னோட வாங்கோ. இதில் கடினமான சொல் ஒன்றும் இல்லை. பாலர் வகுப்புப் பிள்ளையும் சொல்லும்.

ஒரு சின்னக் காரைத் தெரிந்தெடுக்க இவ்வளவு பாடு. காலையில் வந்ததும் இவர் நேரே போய் நின்றது ஒரு சிவப்புக் காருக்கு முன்னால், பதிந்து, அகன்று, ஆளை முறைத்துப் பார்க்கிற கார். "இதை எடுப்பம், வழுக்கிக்கொண்டு போகும்" என்றார். டோனி அதன் நம்பரைப் போனில் தட்டினான், போனில் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி வந்தது. புது லைசென்ஸ்காரருக்கு அது தடை. எடைக்கு மிஞ்சின வலு இருந்தால் இந்த ஊர்ச் சட்டம் விடாது, பதினெட்டு வயதுப் பொடியன் என்றாலும் ஒன்றுதான், பேக்கரியில் ஆயுள் முழுக்கப் பாண் அடுக்கின பொம்பிளை என்றாலும் ஒன்றுதான். மூன்று வருடம், புது ஆள் என்று தெரிய, காரில் பச்சை பி எழுத்து ஒட்டிக்கொண்டு ஓடவேண்டும், போனைத் தொடக்கூடாது, ஸ்பீக்கரில் போட்டுக்கூடப் பேசக்கூடாது. இவர் அடுத்த காரைக் காட்டினார், புள்ளடி. அதற்கடுத்தது, புள்ளடி. அப்போதும் சிரித்தார். "உமக்கு மாட்டு வண்டில்தான் விடுவாங்கள் போல" என்றார். கடைசியில் டோனி ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய் இதைக் காட்டினான். முந்தி ஒரு நேர்ஸ் பிள்ளை ஓடினதாம், சுரண்டல் ஒன்றுதான், எஞ்சின் சின்னன். சரி என்று வந்தது. நான் கதவைத் திறந்தேன், மூடினேன், ஹோர்ன் அடித்துப் பார்த்தேன், சிறு பிள்ளை விக்கின மாதிரி ஒரு சத்தம். எனக்குப் பிடித்துவிட்டது. உண்மையாகவே பிடித்துவிட்டது, அந்த நிமிடத்தில் நான் எதற்காகக் கார் வாங்க வந்தேன் என்பதையே மறந்துபோனேன். நானும் மறக்கிறேன்தானே. ஆர்தான் மறக்கிறதில்லை. அப்படித்தான் ஒரு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், திறப்பை எங்கே வைத்தேன் என்று எல்லாரும்தான் மறக்கிறார்கள், ஆளின் பெயரை எல்லாரும்தான் மறக்கிறார்கள். கலர் லைற்றில் சிவப்பென்றால் நில் என்பதை ஆர் மறக்கிறார்கள்?

முதல் தரம் அது நடந்தபோது மழை. சிவப்பு எரிகிறது, கார் போகிறது, அவருடைய முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, ஏதோ பழைய கதை சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் "இஞ்சேருங்கோ சிவப்பு" என்று கத்தினேன், பிரேக் அடித்தார், சீற் பெல்ற் நெஞ்சில் வெட்டியது. மழைக்குள் தெரியேல்லை என்றார். அடுத்த தரம் வெயில். வெயில் கண்ணுக்குள் அடிச்சது என்றார். அதற்குப் பிறகு நான் முந்திக்கொண்டேன். ஒவ்வொரு லைற்றுக்கும் கொஞ்சம் முன்னாலேயே, பேச்சோடு பேச்சாக, "சிவப்பு" என்பேன், "இப்ப பச்சை" என்பேன், "இதில இடப்பக்கம்" என்பேன். கேட்கவில்லை என்பதுபோல முகத்தை வைத்திருப்பார், ஆனால் கால் பிரேக்கில் இருக்கும். அந்த ஏற்பாட்டைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் கதைத்ததில்லை. சனம் பார்த்தால் என்ன நினைக்கும், குகதாசன் அண்ணை பெண்சாதியை எங்கேயும் விட்டுவிட்டுப் போகமாட்டார், வலு ஒற்றுமை என்று நினைக்கும். அப்படியே சொல்லவும் சொல்கிறார்கள். நான் வெட்கப்பட்டுச் சிரிக்கிறேன்.

ஒரு நாள் கேட்டும் பார்த்தேன். டொக்டரிட்ட ஒருக்காப் போவமா, சும்மா ஒரு செக்கப்புக்கு. கார் ஒரு பெரிய சந்தியில், நடு லேனில் நிற்கிறது. அவர் எஞ்சினை நிற்பாட்டினார். திறப்பை உருவி என் மடியில் வைத்தார். "இந்தாரும், நீரே ஓடும்" என்றார். எனக்கு அப்போது ஸ்டியரிங்கைப் பிடிக்கவும் தெரியாது. பச்சை வந்தது, பின்னால் ஹோர்ன் அடிக்கிறார்கள், ஒருவன் இறங்கி வந்து கண்ணாடியில் தட்டுகிறான், இவர் கைகளைக் கட்டிக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னைக் குத்துகிற பார்வையென்றால்கூடத் தாங்கியிருப்பேன், அவர் என்னைப் பார்க்கவேயில்லை. நான் திறப்பை அவர் கைக்குள் திணித்து, மன்னிச்சுக்கொள்ளுங்கோ, பிழை என்னில என்று கெஞ்சினேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு ட்ரைவிங் படிப்பிக்கிற பிள்ளைக்குப் போன் எடுத்தேன். ஒரே திட்டம்தான். லைசென்ஸ் எடுக்கிறது, பிறகு ஒரு நாள் இயல்பாக, ஒன்றும் பேசாமல், அவருடைய காரில் வலப்பக்கம் போய் ஏறிக்கொள்கிறது, இண்டைக்கு எனக்குப் பழக்கம் வரட்டும், நீங்கள் இருங்கோ என்கிறது, நாளைக்கும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே, ஆளுக்குத் தெரியாமலே ஆளை இடப்பக்கத்துக்கு மாற்றிவிடுகிறது. நோகாமல். லைசென்ஸ் எடுத்த அன்றைக்குப் பெர்த்திலிருந்து மகன் மயூரன் போனில் சிரித்தான். "அம்மா, அப்பான்ர காரை நீங்கள் தொடேலாது. ட்வின் டர்போ, எஞ்சின் வலு கூட. உங்களுக்குத் தடை." எவ்வளவு கெட்டித்தனமாகத் திட்டம் போட்டேன், சட்டம் ஒரு புள்ளடியால் முடித்துவிட்டது. அப்பாவிடம் நேரே சொல்லுங்கோ என்கிறான் மகன். பெர்த்திலிருந்து எல்லாம் லேசாகத் தெரியும். நீ சொல்லனடா என்றால் மீற்றிங் இருக்கிறதாம்.

அதனால்தான் இந்தக் கார். எனக்கென்று ஒன்று வாங்கினால் இதில் நான் ஓட, பக்கத்தில் அவர் இருக்க, கறுப்புக் கார் கராஜில் கிடக்கட்டும் என்று கணக்குப் போட்டேன். அவரும் என்ன உற்சாகம், அவர்தான் டோனியைப் பிடித்தார், அவர்தான் ஐயரிடம் நேரம் கேட்டார், சில்லுக்குக் கீழே வைத்து நசுக்க வீட்டு மரத்துத் தேசிக்காயை அவர்தான் பிடுங்கிப் பையில் போட்டார். ஒரே காரில் கதைத்துக்கொண்டு வந்தோம், சிவப்பு, பச்சை, இடப்பக்கம். வந்து இறங்கி, காரைத் தெரிந்தெடுத்து, கையெழுத்துப் போட்டு, ஒன்றரை தாண்டிவிட்டதே என்று ராகு காலத்துக்குக் காத்திருக்க இந்தக் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தின பிறகுதான், கதவு சாத்தின அந்தச் சத்தத்தில்தான், எனக்கு அது விளங்கியது. வந்தது ஒரு கார். போகப்போவது இரண்டு. ஒன்றில் நான். மற்றதில் அவர் தனிய. பக்கத்தில் ஆரும் இல்லை. ஐயோ, இதை நான் ஏன் நினைக்கவில்லை. நல்ல நாள் பார்த்தேன், நல்ல நேரம் பார்த்தேன், தேசிக்காய் நாலும் ஒரே அளவா என்று பார்த்தேன், திரும்பிப் போகும்போது மற்றக் காரை ஆர் ஓடுவது என்று பார்க்கவில்லை. ஒரு வருடமாக நான் அந்த இடப்பக்கச் சீற்றில் இருந்து ஓடின காரை, இன்றைக்கு நானே இறங்கி நின்று அவருடைய கையில் கொடுத்திருக்கிறேன்.

சரி, பதறாதே. டோனி நல்லவன். ஒரு இரவு கறுப்புக் கார் இங்கே நிற்கட்டும் என்றால் ஓம் என்பான். இவர் என்ன சொல்வார்? ஏன் என்பார். ஏன் என்றால் எனக்குப் பயமா இருக்கு, முதல் நாள் தனிய ஓட, பக்கத்தில இருங்கோ. ஆ, அப்படிச் சொல்லலாம். பயம் எனக்கு என்று சொல்லலாம். அது பொய்யுமில்லை. கை வேர்த்து ஸ்டியரிங் பிசுபிசுக்கிறது. இஞ்சேருங்கோ, எனக்குக் கை நடுங்குது. கோயில் மட்டுமாவது என்னோட வாங்கோ. அதற்கு அவர், நான் முன்னால மெல்லமாப் போறன், நீர் என்ர வாலைப் பிடிச்சுக்கொண்டு வாரும் என்பார். கட்டாயம் அப்படித்தான் சொல்வார், அந்தக் குரல்கூட எனக்குக் கேட்கிறது. அப்போது நான் என்ன சொல்வது? உங்களுக்குச் சிவப்புத் தெரியேல்லை என்றா? நீங்கள் போன கிழமை எங்கட வீட்டைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டு வாசலுக்குள் காரை விட்டனீங்கள் என்றா? வாய்க்குள் வந்த வசனம் பல்லுக்குப் பின்னால் நிற்கிறது. டொக்டரிடம் போனால் டொக்டர் எழுதிவிடுவார், எழுதினால் லைசென்ஸ் போய்விடும், லைசென்ஸ் போனால் இவர் என்ன மனிதர், நாலு சுவருக்குள் இருந்து என்ன செய்வார், என்னைப் பார்த்துப் பார்த்து வெறுப்பார். வெறுக்கட்டும். உயிரோடு இருந்து வெறுக்கட்டும். அவருடைய உயிர் மட்டுமா? ரோட்டில் எவ்வளவு பேர் நடக்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது, லைற்றில் பச்சை மனிதன் எரிந்தால் காலை வைக்கிறார்கள், கார் நிற்கும் என்று நம்பிக்கொண்டு.

மணி பார்த்தேன், இன்னும் கொஞ்சம்தான். இறங்கினேன். காற்று முகத்தில் அறைந்தது. கார்க் கடைக் கொடியெல்லாம் படபடவென்று அடிக்கின்றன. அவருடைய காருக்குப் போகிற அந்தக் கொஞ்ச இடத்தில் வசனத்தைக் கைக்குள் பிடித்துக்கொண்டு போகிறமாதிரிப் போனேன், உங்கட கார் இங்கயே, உங்கட கார் இங்கயே. கண்ணாடியை இறக்கினார். ஹீட்டர் சூடு வெளியே வந்தது. முகம் நல்ல வெளிச்சமாக இருந்தது, எங்கள் கல்யாணத்தன்று இருந்த மாதிரி, நான் மிகைப்படுத்தவில்லை.

"இஞ்சேருங்கோ..." என்றேன்.

"நான் ஒண்டு சொல்லட்டே" என்றார் அவர். "நீர் பாஸ் பண்ணுவீர் எண்டு நான் நினைக்கேல்லை, லோஜினி. உண்மையாத்தான். பேக்கரிக்கு விடியத்தால நான் ஏத்தி இறக்கின ஆள், இண்டைக்குச் சொந்தக் கார். எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமே?"

என் கையைப் பிடித்து ஒரு தரம் அமத்தினார். அவ்வளவுதான். நான் ஒரு வருடமாகச் சேர்த்து வைத்த தைரியம் அந்த ஒரு அமத்தலில் கரைந்துபோனது. இப்படிக் கதைக்கிற மனிதருக்கு என்ன வருத்தம், ஒரு வருத்தமும் இல்லை, எனக்குத்தான் மண்டை பிழை. "மெல்லமாப் போங்கோ" என்றேன். மூன்று மணி. நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்தேன், டோனி வாசலில் நின்று போனில் படம் எடுத்தான். காரை நகர்த்தினேன். காய் நசுங்கின சத்தம் கேட்டது.

இப்போது நான் ஓடுகிறேன். கறுப்புக் கார் முன்னால், நான் பின்னால், கோயில் ஒரே நேர் ரோட்டில், கடைசிச் சந்தியில் மட்டும் வலப்பக்கம். முதல் லைற் சிவப்பு. அவருடைய பிரேக் விளக்கு எரிகிறது, கார் கோட்டுக்குப் பின்னால் அழகாக நிற்கிறது. பார்த்தாயா. அடுத்த லைற், மஞ்சள், நிற்கிறார். நான் காருக்குள் தனியே சத்தமாகச் சிரிக்கிறேன், பைத்தியக்காரி, எவ்வளவு காலமாகப் பயந்து செத்திருக்கிறாய், மனிதர் நல்லாத்தான் ஓடுகிறார், நீ பக்கத்தில் இருந்து குழப்பினதுதான் பிழை. பிறகு பெட்ரோல் ஸ்டேஷனைத் தாண்டி அவருடைய இடப்பக்க சிக்னல் மினுங்குகிறது. இடப்பக்கம் இல்லையே. கோயில் நேரே. அவர் திரும்பிவிட்டார். நானும் திரும்புகிறேன், வேறு என்ன செய்ய, போன் பைக்குள் கிடக்கிறது, எடுக்கக்கூடாது, எடுத்தாலும் என் கை ஸ்டியரிங்கை விடாது. ஹோர்ன் அடிக்கிறேன். அந்த விக்கல் சத்தம் அவருக்கு எங்கே கேட்கப்போகிறது. இந்தத் தெரு எனக்குத் தெரியும். இந்த மரங்கள் தெரியும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாங்கள் வாடகைக்கு இருந்த தெரு, இதன் கடைசியில்தான் மயூரன் அப்போது படித்த பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம். மூன்றேகாலுக்கு மணி அடிக்கும். வேகம் நாற்பது என்று போர்டில் விளக்கு மினுங்குகிறது, இரண்டு பக்கமும் தாய்மாரின் கார்கள், நடுவில் மஞ்சள் அங்கி போட்ட பெண்மணி 'நில்' பலகையைத் தூக்கிக்கொண்டு கடவையில் இறங்குகிறாள், பின்னால் தொப்பி தொப்பியாகப் பிள்ளைகள். அவருடைய பிரேக் விளக்கு எரியவில்லை. நான் கத்துகிறேன், காருக்குள் கத்தி என்ன பயன், நில்லுங்கோ, நில்லுங்கோ. எரியவில்லை. பெண்மணி கையை விரித்துப் பிள்ளைகளைப் பின்னால் தள்ளுகிறாள். எரிந்தது. கறுப்புக் கார் கடவையின் நடுவில், வெள்ளைக் கோடுகளுக்கு மேல், அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

நான் எப்படி நிற்பாட்டினேன், எப்படி இறங்கி ஓடினேன் என்று தெரியாது. அதற்குள் அவர் கதவைத் திறந்துவிட்டு இறங்கிவிட்டார். எஞ்சின் ஓடுகிறது. கார் கியரிலேயே இருக்கிறது, மெல்ல, மிக மெல்ல, தானாக முன்னுக்கு ஊர்கிறது. பெண்மணி பலகையால் பொனற்றில் அடிக்கிறாள், ஆங்கிலத்தில் கத்துகிறாள். நான் திறந்த கதவுக்குள் பாய்ந்து ஏறி வலக்காலால் பிரேக்கை அழுத்தினேன், முழு உடம்பாலும் அழுத்தினேன், கார் குலுங்கி நின்றது. அந்தப் பெரிய எஞ்சின் என் பாதத்துக்குக் கீழே உறுமிக்கொண்டிருந்தது. கியரைப் பார்க்கிங்குக்குத் தள்ளினேன், திறப்பைத் திருப்பினேன், சத்தம் அடங்கியது.

அவர் திறந்த கதவுக்குள் குனிந்தார். முகத்தில் பயம் இல்லை, கொஞ்சம் கோபம்தான், சின்னக் கோபம்.

"என்ன செய்யிறீர்? இறங்கும். இந்தமாதிரிக் கார் உமக்கு ஓடேலாது, சட்டம் விடாது எண்டு டோனி சொன்னவன்தானே."

"நீங்கள் எங்க போறீங்கள்?" என்றேன். குரல் என்னுடையது மாதிரி இல்லை.

"எங்க போறன் எண்டு கேக்கிறீர். மணி அடிச்சிட்டுது. பெடியன் பாத்துக்கொண்டு நிப்பான்."

சொல்லிவிட்டுக் கை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு அவசரமாகக் கேற்றை நோக்கி நடந்தார். நான் திறப்பைக் கைக்குள் பொத்திக்கொண்டு இருந்தேன். கேற்றிலிருந்து இன்னும் பிள்ளைகள் கும்பலாக வந்துகொண்டிருந்தார்கள், மற்றத் தகப்பன்மாருக்கு நடுவில் அவரும் புத்தகப்பையை வாங்கக் கையை நீட்டியபடி, ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.